முந்தி நின்ற ஊர்

நாங்க அதுக்கு வச்ச பேரு மாமியார். அரசாங்கம் வச்ச பேரு துலா. மாநிலத்துல இருக்குற அத்தனை ஊரு கரண்டையும் அளந்து, யாருக்குக் கொடுக்கணும், யாரை நிறுத்தணும்னு முடிவு பண்ணுற இயந்திரம். எது செஞ்சாலும் ஒரு குத்தம் கண்டுபிடிக்கும். நல்லது செஞ்சா வாயைத் திறக்காது. பின்ன வேற என்ன பேரு வைக்கச் சொல்லுதிய?

என் பேரு பிலோமினா. சிப்பித்துறையில இருக்குற ஏழு ஐஸ் கம்பெனிக்கும் எலக்ட்ரீசியன் நான்தான். கோவக்காரின்னு பேரு வாங்கியிருக்கேன், அது பொய்யில்லை. ஆனா இந்தக் கதையில முதல் தப்பு என்னோடது. அதையும் நானே சொல்லிருதேன்.

அனல் மின்நிலையம் எல்லாம் மூடுன பிறகு வந்து உக்காந்தது இந்தத் துலா. அந்தக் காலத்து மின்நிலையத்துல யானைத் தண்டிக்குச் சக்கரம் சுத்துமாம், எவன் எவ்வளவு இழுத்தாலும் தாங்குமாம். இப்ப வெயிலும் காத்தும் பேட்டரியும்தானே, லைன் நோஞ்சான். அதனால ஊருக்கு ஒரு எண்ணு போட்டாவ. வாங்குற கரண்டு முழுசும் வேலையா மாறுனா எண்ணு ஒண்ணு. வேலை செய்யாம சும்மா வந்து வந்து போனா எண்ணு குறையும். பன்னெண்டு மாசத்துக்குள்ள மூணு தடவை புள்ளி ஒம்பதுக்குக் கீழ இறங்குனா ஊரு லைனையே துண்டிச்சு ஈய முத்திரை குத்திருவாவ. அப்புறம் திறந்ததா சரித்திரமே இல்லை.

எங்க ஊருக்கு ரெண்டு ஆயிருச்சு.

முதல் தடவை போன வருஷம் ஜூன். மீன்பிடித் தடைக்காலம் ரெண்டு மாசம் படகும் போகாது, ஐஸ் கம்பெனியும் ஓடாது. தடை முடிய மூணு நாள் இருக்கும்போது ஐஸ் போட ஆரம்பிக்கணும். ஐஸ் ஏத்தாம எந்தப் படகும் கடலுக்குப் போகாதுல்லா. யாரு முதல்ல சுவிட்ச் போடுறதுன்னு முதலாளிமாருக்குள்ள ஒரு காலத்துல அடிதடியே நடந்திருக்கு. அப்ப எங்க மாதா கோயில்ல இருந்த பங்குச்சாமி ஒரு வழி சொன்னாரு: அன்னைக்கு மத்தியானம் பன்னெண்டு மணிக்குக் கோயில் மணி அடிக்கும்போது ஏழு பேரும் ஒண்ணாப் போடுங்க, ஒருத்தனுக்கும் குறை இருக்காதுன்னு. முப்பது வருஷமா அதுதான் வழக்கம். ஏழு கம்ப்ரஸரும் ஒரே மூச்சுல எந்திரிச்சா எண்ணு என்ன ஆகும்? பாதாளத்துக்குப் போச்சு.

மோட்டார் கரண்டு சரியாகணும்னா கெப்பாசிட்டர் வைக்கணும். வைக்கச் சொன்னேன், வச்சாவ. வாட்ச்மேன்மாரு சுவிட்ச் போட மறந்துட்டா என்ன பண்ணுறதுன்னு யோசிச்சேன். யோசிச்சு, கெப்பாசிட்டர் சுவிட்ச் அத்தனையையும் போட்டது போட்டபடி வெல்டிங் வச்சேன். இனி எவன் மறந்தாலும் கவலை இல்லைன்னு அன்னைக்கு எனக்கு ஒரே பெருமை.

ரெண்டாவது தடவை இந்த மே மாசம். தடைக்காலம், ஒரு மோட்டார் ஓடலை. ஆனாலும் எண்ணு குறைவுன்னு கடுதாசி வந்துச்சு. ஐஸ் கம்பெனிச் சங்கத் தலைவரு தொம்மை அண்ணன், "கெப்பாசிட்டர் பத்தலை, வேற என்ன?"ன்னு நாலு பெட்டி வாங்கிப் போட்டாரு. அவரு நாலுன்னா அடுத்த கம்பெனி முதலாளி பாக்கியம் அஞ்சு. அவரு அஞ்சுன்னா அதுக்கடுத்தவர் ஆறு. திருவிழாவுக்கு சீரியல் பல்பு கட்டுற மாதிரி போட்டி. அத்தனைக்கும் வெல்டிங் வச்சது யாரு? நான்தான். பதினெட்டு வருஷமா மோட்டாரோடயே கிடக்கேன், எண்ணு குறைஞ்சா மருந்து கெப்பாசிட்டர்தான்னு மண்டையில ஊறிப்போச்சு.

மூணாவது சோதனைக்கு ஆள் வந்தது ஜூன் பன்னெண்டு, காலையில ஒம்பது மணிக்கு. மோட்டார் போட வேண்டிய அதே நாள்.

வந்தது ஒரு பொம்பளைப் பிள்ளை. முப்பது வயசு இருக்கும். ஆய்வாளர் சண்முகவடிவுன்னு சட்டையில எழுதியிருந்துச்சு. ஒரு கையில துலாவோட பேசுற பலகை, இன்னொரு கையில பை. பைக்குள்ள ஈய முத்திரையும் கொறடும் இருக்குறது வெளிய தெரிஞ்சுது. மோர் கொடுத்தேன், வேண்டாம்னுட்டா.

தொம்மை அண்ணன் கம்பெனி மெயின் போர்டுல தன்னோட மீட்டரை மாட்டிப் பாத்தா. பாத்துக்கிட்டே இருந்தா.

"ஊரு எண்ணு புள்ளி ரெண்டு ஒண்ணு," அப்படின்னா. "ஆனா அக்கா, உங்க ஊர் பிந்தி நிக்கலை. முந்தி நிக்குது."

கன்னத்துல அறைஞ்ச மாதிரி இருந்துச்சு எனக்கு. அட மடச்சி பிலோமினா, மோட்டார் இல்லாத இடத்துல எதுக்குடி கெப்பாசிட்டர்னு அப்பத்தான் மண்டையில உறைச்சுது.

"ஏ பிலோ, அவுக என்ன சொல்லுதாவ?"ன்னு தொம்மை அண்ணன் முழிச்சாரு.

"கரைவலை இழுத்திருக்கியள்லா அண்ணன்? ஒருத்தன் ஏலோன்னு குரல் விடுவான். குரலோட சேத்து இழுத்தா வலை வரும். குரல் முடிஞ்சப்புறம் இழுத்தா?"

"கைதான் வலிக்கும்."

"அதேதான். வோல்டேஜ் குரலு, கரண்டு கை. மோட்டார் இருக்கே, அது எப்பவும் குரலுக்குப் பிந்தி இழுக்குற சோம்பேறி. கெப்பாசிட்டர் குரலுக்கு முந்தி இழுக்குற அவசரக்காரன். ரெண்டு பேரையும் பக்கத்துல நிறுத்துனா ஒருத்தன் குறையை மத்தவன் சரிக்கட்டுவான். இப்ப நம்ம சோம்பேறி எல்லாம் தூங்குதான். அவசரக்காரன் மட்டும் கூட்டமா கரையில நின்னு வெறுங்காத்தை இழுக்குதான்."

"அப்ப மோட்டாரைப் போட்டா சரியாயிரும்லா? இப்பமே போடுவோம்!"

சண்முகவடிவு தலையை ஆட்டுனா. "ரெண்டு தடவை தவறுன ஊரு அளவு முடியுறதுக்கு முன்னாடி மோட்டார் போடக் கூடாதுங்க ஐயா. போட்டாலே மூணாவது தவறுதான்."

"சரி, பிந்துனா குத்தம். முந்துனாலுமா குத்தம்?"

"எண்ணுல குறி கிடையாதுங்க. எவ்வளவு விலகியிருக்குன்னு மட்டும்தான் அது சொல்லும், எந்தப் பக்கம்னு சொல்லாது. பத்து நிமிஷம் முந்தி வந்தாலும் பத்து நிமிஷம் பிந்தி வந்தாலும் துலாவுக்குப் பத்து நிமிஷம்தான்."

"இது அநியாயம்லா!"

"விதி ஐயா." எங்க முகத்தைப் பாக்காம சொன்னா. "பதினொன்றரைக்குக் கடைசி அளவு."

துறைமுகத்துல எண்பத்திநாலு படகு, ரெண்டு மாசம் கழிச்சுக் கடலைப் பாக்கக் காத்துக்கிட்டு நின்னுது. லைனுக்கு முத்திரை விழுந்தா ஐஸ் கிடையாது. ஐஸ் இல்லைன்னா படகு எல்லாம் வேற துறைக்குப் போயிரும், ஊரும் பின்னாலயே போயிரும். அதுக்குக் காரணம் நான் வச்ச வெல்டிங். எனக்கு வந்த ஆத்திரத்துல அழுகையும் சேந்து வந்துச்சு. கிரைண்டரை எடுத்தேன்.

மெயினை அணைச்சுட்டு வெல்டிங்கை அறுக்கணும். ஐஸ் உறைய வைக்குற அம்மோனியா கசிஞ்சா கத்துற அலாரம் கரண்டுலதான் ஓடுது, அதோட பேட்டரி பத்து நிமிஷம்தான் தாங்கும். அதுக்குள்ள அறுத்து முடிச்சு மெயினைத் திரும்பப் போட்டுரணும். தொம்மை அண்ணன் கம்பெனியில ஒம்பதே நிமிஷத்துல முடிச்சேன். பலகையில ஊரு எண்ணு புள்ளி ரெண்டு ஆறுக்கு ஏறுச்சு. அண்ணன் கைதட்டுனாரு. பக்கத்துல பாக்கியம் கம்பெனிக்கு ஓடுனோம். அங்க மூணு சுவிட்ச் கூட. பெட்டிகளைப் பாதி பாதியாப் பிரிச்சு, ரெண்டு தடவை மெயினை அணைச்சு அறுத்து முடிச்சு மெயினைப் போட்டேன். எண்ணு புள்ளி மூணு நாலு.

ஆனா மேல இருந்த மின்விசிறி இறகு எண்ணுற அளவுக்கு மெதுவாச் சுத்துச்சு. லைட்டு மஞ்சளா எரிஞ்சுது.

சண்முகவடிவு கையில இருந்த பலகை கத்த ஆரம்பிச்சுது. மாமியார் குரலை அன்னைக்குத்தான் நேர்ல கேக்கேன். கோவமும் இல்லை, அவசரமும் இல்லை.

"மின்னழுத்தம் சரிகிறது. வெப்பம் நாற்பத்திரண்டு பாகை. குளிரூட்டிகளின் சுமை அதிகம். இந்தத் துணை மின்நிலையத்தின் பதினான்கு ஊர்களில் மூன்று ஏற்கனவே இருண்டுவிட்டன. மிக மோசமான எண் கொண்ட ஊரைத் துண்டிக்க வேண்டும். சிப்பித்துறை. ஆய்வாளர் பெருவிரலை வைக்கவும். ஐந்து நிமிடங்கள்."

மனுஷக் கை படாம ஒரு ஊரை அணைக்கக் கூடாதுன்னு சட்டம். அதனால பெருவிரல்.

தொம்மை அண்ணன் அப்படியே தரையில உக்காந்துட்டாரு. நான் செவுத்துல இருந்த வோல்ட் மீட்டரைப் பாத்தேன். காலையில முள்ளு பதினொண்ணுல, அதாவது பதினோராயிரம் வோல்ட்டுல நின்னுது, நானே பாத்தேன். தொம்மை அண்ணன் கம்பெனியை அறுத்தப்புறம் பத்து புள்ளி ஆறு. இப்ப பத்து.

எண்ணு ஏற ஏற வோல்டேஜ் இறங்குது. நான் அறுக்க அறுக்க விழுது!

"பிள்ள, விரலை வைக்காத!" கத்திட்டேன். மேடமாவது ஒண்ணாவது. "பதினாலு ஊர்லயும் ஏசி ஓடுது. ஏசிக்குள்ள இருக்குறதும் மோட்டார்தான், அதுவும் சோம்பேறிதான். அவனுக இழுக்காத இழுப்பை எல்லாம் எங்க அவசரக்காரனுவதான் இவ்வளவு நேரமும் இழுத்திருக்கானுவ! காத்தை இல்ல மக்கா, பதினாலு ஊரு வலையை இழுத்துக்கிட்டு நின்னிருக்கானுவ! எங்களைத் துண்டிச்சா மிச்சம் இருக்குற கையும் போயிரும். எல்லா ஊரும் படுத்துரும்."

அவ விரல் பலகைக்கு ஒரு சாண் மேல நின்னுது.

"நான் வைக்கலைன்னா அஞ்சு நிமிஷத்துல உத்தரவு வேற ஆய்வாளருக்குப் போயிரும் அக்கா."

"அஞ்சு நிமிஷம் கொடு."

"ஒரு தடவை வச்சிட்டேன்," அப்படின்னா திடீர்னு. "நாலு வருஷம் முன்னாடி. என் முதல் வேலை. கரிசல்பேரி. எங்க ஊரு அக்கா அது. மில்லை மூடிட்டாங்க, மோட்டாரே ஓடலை, எண்ணு மட்டும் ஏன் குறையுதுன்னு அப்பா கேட்டாரு. விதி அப்பான்னு சொன்னேன். அப்புறம் ஊர்ல ஒவ்வொருத்தரா கிளம்பிட்டாங்க. எங்க வீடும் பூட்டியாச்சு."

சொல்லிட்டு அந்தப் பலகையைக் கவுத்தி ஐஸ் தொட்டி மூடி மேல வச்சா. ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டா.

நான் ஓடுனேன். கழட்டுன கெப்பாசிட்டரை உடனே மாட்டக் கூடாது, உள்ள நிக்குற கரண்டு இறங்கணும், இல்லைன்னா வெடிச்சிரும். பாக்கியம் கம்பெனியில இப்பத்தான் அறுத்திருக்கேன், அதைத் தொட முடியாது. தொம்மை அண்ணன் கம்பெனியில அறுத்து அரைமணிக்கு மேல ஆச்சு. அங்க மெயினை அணைச்சேன். அறுத்த இடத்துல செம்புத் தகட்டை வச்சு போல்ட் முடுக்குனேன். தொம்மை அண்ணனும் பாக்கியமும் பத்து வருஷமா முகம் பாக்காதவுக. அன்னைக்கு ஒருத்தர் தகட்டைப் பிடிக்க, ஒருத்தர் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தாரு. நான் போட்ட சத்தத்துக்குப் பயந்துதான்னு நெனைக்கேன்.

மெயினைப் போட்டேன். முள்ளு துடிச்சுது. பத்து புள்ளி ரெண்டு. பத்து புள்ளி நாலு. லைட்டு வெளுத்துச்சு.

திரும்பி ஓடி வந்தா சண்முகவடிவு பலகையைக் கையில எடுத்து வச்சிருந்தா. அப்புறம் மாமியார் பேசுச்சு.

"உத்தரவு நிறுத்தி வைக்கப்படுகிறது. ஒரு கேள்வி. உங்கள் எண் குறைந்தது. மின்னழுத்தம் ஏன் உயர்ந்தது?"

யாத்தே! மாமியார் கேள்வி கேக்குது! இத்தனை வருஷத்துல எங்க யாரையும் அது ஒரு வார்த்தை கேட்டதில்லை. நான் மூச்சு வாங்கிக்கிட்டே கரைவலைக் கதை முழுசும் சொன்னேன். குரலு, கை, சோம்பேறி, அவசரக்காரன். சண்முகவடிவு நடுவுல அளவெல்லாம் சொன்னா. கேட்டு முடிச்சு அது சொல்லுச்சு:

"எனக்குத் தரப்பட்ட எண்ணில் குறி இல்லை. குறி இருந்தால் என் முடிவுகள் வேறாக இருக்கும். சேர்ப்பதற்கு மனித அனுமதி தேவை."

"ஒரு நாளைக்கு அனுமதி கொடுக்க ஆய்வாளருக்கு அதிகாரம் உண்டு," அப்படின்னா சண்முகவடிவு. "நாளைக்குள்ள மேலிடம் உறுதி செய்யணும். செய்வாங்க. நான் செய்ய வைக்கிறேன்."

பெருவிரலை எடுத்து அழுத்தமா வச்சா.

அஞ்சு வினாடி ஆகியிருக்கும். பலகையில எங்க ஊரு எண்ணுக்குப் பக்கத்துல சின்னதா ஒரு வார்த்தை வந்துச்சு: முந்தி. துலா அடுத்த கேள்வி கேட்டுச்சு. "இன்னும் கெப்பாசிட்டர்கள் உள்ளனவா?"

பாக்கியம் தலையைச் சொறிஞ்சாரு. "குடோன்ல பிரிக்காம மூணு பெட்டி கிடக்கு. தொம்மை அடுத்து எத்தனை வாங்குதான்னு பாத்துட்டு மாட்டலாம்னு வச்சிருந்தேன்."

"திருட்டுப் பயலே!"ன்னு தொம்மை அண்ணன் அவரைக் கட்டிப் பிடிச்சாரு.

பாக்கியம் கம்பெனிச் சுவிட்ச்சு எல்லாத்துலயும் தகட்டை முடுக்கி, அந்த மூணு பெட்டியையும் மாட்டுனோம். பதினொன்றரைக்கு முள்ளு பதினொண்ணைத் தொட்டுச்சு. இருண்டு கிடந்த மூணு ஊரும் ஒவ்வொண்ணா எந்திரிச்சுது. கடைசி அளவைப் பதிவு பண்ணும்போது சண்முகவடிவு அந்த எண்ணைச் சத்தமாப் படிச்சா. மாநிலத்துலயே மோசமான எண்ணு அது. கம்பெனி வாசல்ல நின்ன மொத்தக் கூட்டமும் விசில் அடிச்சுது.

பன்னெண்டு மணிக்கு முன்னால துலா ஒண்ணு சொல்லுச்சு. ஏழு மோட்டாரும் ஒண்ணாப் போட்டா எங்க அவசரக்காரனுவ எல்லாம் எங்களுக்கே செலவாயிருவானுவ, பதினாலு ஊரும் மறுபடி விழும். ஒண்ணு ஒண்ணாப் போட்டா, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல தன்னோட பேட்டரிகளைத் தயார் பண்ணிக்கிரும். "மணியை ஏழு முறை அடிக்க முடியுமா?"ன்னு கேட்டுச்சு. பங்குச்சாமி முடியும்னுட்டாரு.

அப்ப யாரு முதல்ல? பழைய சண்டை திரும்ப வந்துச்சு பாருங்க, ஆனா தலைகீழா வந்துச்சு. "நீ முதல்ல போடு, நான் கடைசி வரைக்கும் ஊருகளுக்குக் கை கொடுக்கேன்." "அதெப்படி, என்கிட்டதான் பெட்டி கூட, நான்தான் கடைசி." ஏழு பேரும் கடைசியா நிக்கிறதுக்கு மல்லுக்கட்டுனாவ. நான் ஸ்பேனரைத் தரையில போட்டு ஒரு சத்தம் போட்டேன். சீட்டுக் குலுக்குனோம். தொம்மை அண்ணனுக்கு முதல் சீட்டு. மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டே சுவிட்ச் போட்டாரு.

முதல் மணி பன்னெண்டுக்கு. ஏழாவது மணி சாயங்காலம் நாலுக்கு, கடல் காத்து ஏறுன பிறகு. ஒவ்வொரு மணிக்கும் "தயார்"னு மாமியார் சொல்லும். கம்ப்ரஸர் எந்திரிக்கும். லைட்டு ஒரு சிமிட்டு கூடச் சிமிட்டலை. தடை முடிஞ்ச அன்னைக்கு எண்பத்திநாலு படகும் ஐஸ் ஏத்திக்கிட்டுப் போச்சு.

நான் சொல்ல வந்தது இன்னும் இருக்கு.

அன்னைக்கு நாலு மணிக்கு ஏழாவது மோட்டார் ஓட ஆரம்பிச்சப்புறம் துலா தானாவே ஒரு பட்டியலை அனுப்புச்சு. பழைய கணக்கு எல்லாத்தையும் குறி போட்டுத் திரும்பப் பாத்திருக்கு. "முத்திரையிடப்பட்ட இருபத்தொரு ஊர்களில் பதினேழு முந்தி நின்றவை. அவற்றைத் துண்டித்தது தவறு. அவை எனக்குத் தேவை." மன்னிப்புன்னு ஒரு வார்த்தை கேக்கலை. மாமியாருல்லா. ஆனா தவறுன்னு சொல்லிருச்சே, அது போதும்.

சண்முகவடிவு பட்டியலை ஒவ்வொண்ணா மேல தள்ளிக்கிட்டே வந்தா. ஒரு இடத்துல விரல் நின்னுருச்சு. கரிசல்பேரிங்குற பேரைக் காட்டிப் பலகையை எங்கிட்ட நீட்டுனா.

மறுநாள் மேலிடத்து உறுதி வந்துச்சு. அதுக்கடுத்த நாள் காலையில, ஐஸ் லாரியில நானும் அவளுமா கரிசல்பேரிக்குப் போனோம். தொம்மை அண்ணன் பத்து ஐஸ் பார் ஏத்தி விட்டாரு, நாலு வருஷமா குளுந்த தண்ணி குடிக்காத ஊருன்னு. பத்துப் பதினஞ்சு வீட்டுலதான் ஆள் இருந்துச்சு. மிச்சம் எல்லாம் பூட்டு.

டிரான்ஸ்பார்மர் கம்பத்துல அவ குத்துன முத்திரை அப்படியே இருந்துச்சு, அவ நம்பரோட. கொறடை எடுத்தா, கை வரலை. "நீங்க வெட்டுங்க அக்கா"ன்னா.

"நீ குத்துனது. நீயே வெட்டு தாயி."

வெட்டுனா. கைப்பிடியை மேல தள்ளுனா. டிரான்ஸ்பார்மர் உறுமுச்சு.

தெருவுல இருந்தவுக கத்துனாவ, ஒரு கிழவர் துண்டைத் தூக்கி வீசுனாரு. அந்தச் சத்தம் அடங்குனப்புறம்தான் இன்னொரு சத்தம் கேட்டுச்சு. பூட்டிக் கிடந்த வீடுகளுக்குள்ள இருந்து. ஒரு வீட்டுல ரேடியோ கரகரத்துச்சு. இன்னொரு வீட்டுல லைட்டு எரிஞ்சுது. கரண்டு இல்லாத வீட்டைப் பூட்டிட்டுப் போறவுகளுக்கு எந்த சுவிட்ச் போட்டிருக்குன்னு எங்க தெரியும்?

சண்முகவடிவு பச்சைக் கதவு போட்ட ஒரு வீட்டு முன்னால போய் நின்னா. உள்ள மின்விசிறி சுத்துச்சு, கரக் கரக்னு, நாலு வருஷத் தூசியோட. கதவுல காதை வச்சுக் கேட்டா. அப்புறம் போனை எடுத்தா. சிரிக்காளா அழுவுதாளான்னு எனக்குத் தெரியலை.

"அம்மா, முன்ரூம்ல ஃபேனை நிறுத்தாமப் போயிட்டியே... ஆமாம்மா, ஓடுது... நான் ஏன் நிறுத்தணும்? நீ வந்து நிறுத்து."